வாரம் ஒரு வினை

நாற்பது நிமிஷம் என்பது ஒன்றுமே இல்லை என்றுதான் சுகிர்தா டீச்சர் பதினேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பீரியட், அவ்வளவுதான். வருகைப்பதிவு எடுத்து, நேற்றைய பாடத்தைக் கேட்டு, முழிக்கிற நாலு பேரை எழுப்பி நிற்க வைத்து, போர்டில் தேதி போடுவதற்குள் மணி அடித்துவிடும், பாதிப் பாடம் கையிலேயே நிற்கும். இன்றைக்குத்தான் அது நகரமாட்டேன் என்கிறது. பதினொன்று இருபதுக்கு ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டுத் தலைகளும் குனிந்தன. கொஞ்ச நேரம் கழித்து, பாதி நேரம் ஓடியிருக்கும் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் பதினொன்று இருபத்திமூன்று. இன்னும் முப்பத்தேழு நிமிஷம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பேப்பரை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போகவேண்டும், போகும்போது கையில் அந்தக் கடிதம் தயாராக இருக்கவேண்டும். கடிதம் இப்போது வருகைப்பதிவேட்டுக்கு அடியில் கிடந்தது. கரஸ்பாண்டென்ட் சாரே தன் கையால் பென்சிலில் நாலு வரி எழுதிக் கொடுத்த வெள்ளைத் தாள். காலையில் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தங்கமாகப் பேசினார். “டீச்சர், ஒண்ணும் இல்ல, நம்ம பஸ் ஆயாவப் பத்திச் சும்மா நாலு வரி. கனி ஃபர்காட் டு செக் தி பஸ்னு போட்டுருக்கேன். ஃபர்காட்னு எழுதினா சின்னப்பிள்ளை எழுதுன மாதிரி இருக்கு பாத்தீங்களா. கொஞ்சம் வெயிட்டான வார்த்தையாப் போட்டு, உங்க கையெழுத்துல எழுதிக் குடுத்துருங்க. உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பன்னிரண்டரைக்குப் பிள்ளையோட அப்பா வர்றாரு. ஸ்டேஷன்ல இருந்தும் ஒருத்தர் வர்றாரு. அந்தப் பேப்பர்ல யார் பேரு இருக்கோ அவங்களோட இது முடிஞ்சுரும். டீச்சர் பேரு வந்தா ஸ்கூல் பேரு வந்த மாதிரி, உங்களுக்குப் புரியும்” என்றார். புரியாமல் என்ன. அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டிய தலையை அப்போதே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வெயிட்டான வார்த்தை. அதற்கென்ன, வேண்டிய மட்டும் இருக்கின்றன. அவள் வகுப்பில் வாரம் ஒரு வினை என்று ஒரு ஏற்பாடு உண்டு. திங்கட்கிழமை போர்டின் வலது மூலையில் ஒரு ஆங்கில வினைச்சொல்லை எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிடுவாள். அந்த வாரம் முழுக்க அதற்குச் சொந்தபந்தமான சொற்களைத் தேடி எழுதவேண்டும், வீட்டில், பஸ்ஸில், கடையில் அதை எங்கெல்லாம் சொல்வோம் என்று வாக்கியம் அமைக்கவேண்டும், வியாழக்கிழமை டெஸ்ட். அகரவரிசைப்படி வந்துகொண்டிருந்தது. போன வாரம் ‘ஈட்’. பிள்ளைகள் அதைப் பிரியாணி வரைக்கும் கொண்டுபோய்ச் சிரித்தார்கள். அதற்கு அடுத்து ‘ஃபர்கெட்’ வரவேண்டியது, வந்தது. கேள்வித்தாளைப் போன வெள்ளிக்கிழமையே டைப் அடித்து ஜெராக்ஸ் போட்டு வைத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று வெள்ளிக்கிழமை யாருக்குத் தெரியும்? ஒத்த சொற்கள் ஐந்து எழுதுக. அன்றாடப் பேச்சில் வருவதுபோல மூன்று வாக்கியம் எழுதுக, ஒன்று கேள்வி, ஒன்று கட்டளை, ஒன்று எதிர்மறை. டெஸ்டை ஒத்திவைத்திருக்கலாம். ஒத்திவைத்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள், அந்த ஏனுக்குப் பயந்துதான் கொடுத்தாள். திங்கட்கிழமை தானே உற்சாகமாகப் போர்டில் எழுதிப்போட்டவை இப்போது வரிசையாக வந்து நின்றன. ஓவர்லுக். கண் மேலாகப் போய்விட்டது என்பார்களே, அது, கௌரவமான சொல், ஆபீஸர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வது. ஒமிட். அது பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போவதற்கு, பிள்ளை விட்டுப்போவதற்கு இல்லை. நெக்லெக்ட். இதுதான் கரஸ்பாண்டென்ட் கேட்கிற வெயிட். கனி நெக்லெக்டட் ஹெர் டியூட்டி. அப்படியே தூக்கி ஸ்டேஷனில் கொடுத்தால் உள்ளே வைத்துவிடலாம். ஸ்லிப்ட் மை மைண்ட். மனசிலிருந்து நழுவிவிட்டதாம், கை ஈரத்தில் டம்ளர் நழுவுகிற மாதிரி, யார் மேலும் குற்றம் இல்லை. நம்மவர்கள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள், மறந்தே போச்சு என்பார்கள். அது பாட்டுக்குப் போச்சு, நான் இங்கேயேதான் நிற்கிறேன் என்பது மாதிரி. அவளும் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னாள். எல்லாரும் அவரவர் பாட்டுக்கு மறந்துபோச்சு மறந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள், யாரும் பொய் சொன்ன மாதிரியே இல்லை.

“மிஸ், அடிஷனல் ஷீட்” என்று பின்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச் வரும், அது தெரிந்தேதான் வேறு வழியாகச் சுற்றி வந்தாள். மூன்றாவது பெஞ்சில் தர்ஷிகா இருக்கிறாள். நேற்று லீவு, இன்றைக்கு வந்துவிட்டாள். காலையில் எழுந்து நின்று எல்லாரோடும் சேர்ந்து குட்மார்னிங் மிஸ் சொன்னாள், வாய் மட்டும் அசைந்தது. இந்த ஊரில், இந்தப் பள்ளிக்கூடத்தில், இந்தக் கடிதத்தைப் பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தப் பதினொரு வயதுப் பெண். அதை நினைத்ததும் சுகிர்தா மின்விசிறியை இன்னும் கூட்டி வைத்தாள், கோவில்பட்டி வெயிலில் அது அனல்காற்றைத்தான் இறைத்தது. ஒரு சின்னப்பிள்ளைக்குப் போய்ப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பயம் பயம்தான். திங்கட்கிழமை சாயங்காலம், பஸ்ஸில் ஏறுகிற நெரிசலில், இந்தப் பெண் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, “மிஸ், நாளைக்கு எனக்குக் காலைல ஸ்பெஷல் கிளாஸ். நான் ஃபர்ஸ்ட் டிரிப்லயே வந்துருவேன். பாப்பா மட்டும்தான் உங்க டிரிப்ல வருவா. அவ தூங்கிருவா மிஸ். கடைசி சீட்டுல போய்ப் படுத்துக்கிருவா. நீங்க எறக்கி விட்டுருங்க மிஸ்” என்றாள். “சரிடி, நான் பாத்துக்கிறேன்” என்று சுகிர்தா சொன்னாள். சொன்னாள் என்றால், கன்னத்தில் தட்டியும் சொன்னாள். தட்டாமலாவது இருந்திருக்கலாம்.

பதினொன்று முப்பத்தொன்று. செவ்வாய்க்கிழமை பஸ் எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றது. தர்ஷிகாவின் தங்கை, எல்.கே.ஜி. படிக்கும் நேத்ரிகாவை டிரைவர் முனியசாமி அண்ணன் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது ஒன்பது முப்பத்தைந்து. செல்போன் சார்ஜரை எடுக்க மறுபடி பஸ்ஸில் ஏறியவர், அதை எடுக்காமலே இறங்கினார். இதுவும் நாற்பது நிமிஷம்தான். டெஸ்ட் கொடுத்த நேரத்தோடு அதை ஒப்பிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மனசு தானாக ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இந்நேரத்துக்கு, பதினோராவது நிமிஷத்தில், பிள்ளை விழித்திருக்குமா? முந்தின நாள் புழுதிக்காற்று அடித்ததால் கண்ணாடி எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தது. பஸ் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில், மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளியில் நின்றது. பதினைந்தாவது நிமிஷம் விழித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். விழித்ததும் முதலில் ஷூவைக் கழற்றியிருக்கிறாள். கழற்றி, எல்.கே.ஜி.யில் சொல்லிக்கொடுத்தபடி, இரண்டையும் ஜோடியாக, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, சீட்டுக்கு அடியில் சுவரோரமாக வைத்திருக்கிறாள். அந்த ஷூவைத்தான் சுகிர்தாவால் தாங்க முடியவில்லை. கண்ணாடியில் கை வைத்த தடம், கடித்துப் பிய்த்த ஐ.டி. கார்டு நாடா, இதையெல்லாம் பார்த்தபோது அழுகை வந்தது, அழுதாள், எல்லாரும் அழுதார்கள். ஷூவைப் பார்த்தபோது மட்டும் அழுகை வரவில்லை. யாரோ வந்து திட்டப்போகிறார்கள், அதற்குள் ஒழுங்காக வைத்துவிடுவோம் என்று நினைத்த பிள்ளை. தண்ணீர் பாட்டில் பைக்குள், பை முன்னால் மேல்கம்பியில், கைக்கு எட்டாத உயரத்தில். முனியசாமி அண்ணன் தோளில் தலை தொங்கிப்போய் வந்த பிள்ளை, முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண்ணைத் திறந்து, பக்கத்தில் குனிந்திருந்த சுகிர்தாவைப் பார்த்து, “மிஸ், பிரேயர் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டது. ஒரு நாள் முழுக்க டிரிப்ஸ் ஏற்றினார்கள். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று இரண்டு நாளாக எல்லாரும் சொல்லிக்கொள்கிறார்கள், அவளும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சொல்லும்போதே, இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தால் என்று உள்ளே ஒன்று கேட்டது. முனியசாமி அண்ணன் அன்றைக்குச் சார்ஜரை நினைக்காமல் இருந்திருந்தால்?

பார்க்கவேண்டியது யார் என்று கேட்டால், நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு டீச்சர் பொறுப்பு, ஒரு ஆயா துணை. பிள்ளைகள் இறங்கியதும் பின்சீட்டு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, ‘காலி’ என்ற கட்டத்தில் டீச்சர் டிக் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். நடப்பது வேறு. கனியக்காதான் துடைப்பமும் கையுமாகப் பின்சீட்டு வரை போவாள், கிடக்கிற பென்சில், டிஃபன் மூடி எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவாள். டீச்சர்கள் திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளிக்கிழமை வரைக்கும் மொத்தமாக டிக் போட்டுவிடுவார்கள். எல்லாப் பஸ்ஸிலும் அதுதான், யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை, தினம் தினம் நோட்டை எடுத்துப் பேனாவைத் தேடி யாரால் முடியும்? ஆகவே செவ்வாய்க்கிழமை பிள்ளை உள்ளே கிடந்தபோது நோட்டில் செவ்வாய் காலி, புதன் காலி, வியாழன் காலி, வெள்ளிக்கிழமையும் காலி. இன்னும் வராத நாளும் காலி என்று அவள் கையெழுத்து சுத்தமாக, சாய்வாக, அழகாக. கரஸ்பாண்டென்ட் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, மூடி மேஜை டிராயருக்குள் போட்டார். பிறகு, “இந்த நோட்டு மழைல நனைஞ்சுபோச்சுன்னு வச்சுக்குவோம்” என்றார். கோவில்பட்டியில் மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை கனியக்கா ஏன் பின்சீட்டுக்குப் போகவில்லை என்றால், யு.கே.ஜி. பையன் ஒருவன் படியிலேயே வாந்தி எடுத்தான். கனியக்கா அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள், திரும்பி வந்து படியைக் கழுவினாள், அதற்குள் டீச்சர் பஸ்ஸைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். நினைக்க அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவளே அதை விட்டுக்கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, “நாந்தேன் டீச்சர் மறந்துட்டேன். படிய கழுவுனவ, உள்ள ஒரு எட்டு ஏறிப் பாத்துருக்கணும்ல. பாவி மறந்துட்டேனே” என்று அழுதாள். கரஸ்பாண்டென்ட் காதில் அது விழுந்தது, அங்கேதான் பென்சில் எடுத்தார். சுகிர்தா அப்போது கனியக்காவின் தோளைப் பிடித்து, “விடுங்கக்கா, விடுங்க” என்றாள். விடுங்கக்கா, நான்தான் என்று சொல்லவில்லை. வாய்க்குள் பாதி இருந்தது, மீதி வெளியே வந்தது, வெளியே வந்த பாதி ஆறுதல் மாதிரி இருந்தது.

எழுதவேண்டியதுதானே. எல்லாரும் மறந்தார்கள், அவளும் மறந்தாள், கனியும் மறந்தாள், எல்.கே.ஜி. டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் பண்ண மறந்தாள். இதில் ஒரு பெயரைத்தானே எழுதச் சொல்கிறார்கள். அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. அவள் மகள் இதே பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு, அடுத்த மாதம் பரீட்சை. அம்மாவைப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் பரீட்சை எழுதும்? நேற்று ராத்திரி சாப்பாட்டில் மகள், “என்னம்மா ஆச்சு, யாரும்மா பாக்கல?” என்று கேட்டாள். சுகிர்தா ஏதோ இழுத்தாள். அவள் உடனே, “சரி, ஃபர்கெட் இட்மா” என்றாள். எதைக் கேட்டாலும் இந்த ஒரு வார்த்தைதான் இப்போது அவளுக்கு, ஃபர்கெட் இட். அன்றாடப் பேச்சில் வருவதுபோல ஒரு வாக்கியம், கட்டளை வாக்கியம், முழு மதிப்பெண். வகுப்புக்குள் பார்வையை ஓட்டினாள். முதல் பெஞ்ச் பையன் பெரிய எழுத்தில், டிஃபன் பாக்ஸை மறக்காதே என்று எழுதியிருந்தான். அடுத்தவள், என் பிறந்தநாளை மறந்துவிட்டாயா. அதற்கடுத்தவன், கேஸை அணைக்க மறக்காதே என்று அம்மா அப்பாவிடம் கூறினார். பாவம், நல்ல நல்ல மறதிகள். வீட்டில் தினம் நடந்து தினம் மன்னிக்கப்படுகிற மறதிகள். செவ்வாய்க்கிழமை நடந்ததும் அதில் ஒன்றுதான் என்றால் அவள் இந்நேரம் எழுதி முடித்திருப்பாள். எழுத முடியாமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. அதன் பக்கத்தில் போகாமல் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறாள், மூன்றாவது பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. வேறெதையாவது நினைக்கலாம் என்று பார்த்தாள். நினைத்தால் அப்பா வந்தார். ஏழு வயதில் அவளைச் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போனார். வரவில்லை. டிக்கெட் கேட்டுக் கத்துகிறவர்களும், பழம் விற்கிறவர்களும், பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் போக, அவள் சிறுநீர் முட்டிக்கொண்டு, அசைந்தால் பெட்டி காணாமல் போய்விடும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்தபோது அவர் மேல் டீ வாசமும் சிகரெட் வாசமும் அடித்தன. அவள் அழுததும், “அப்பா ஒன்ன மறப்பனாட்டி?” என்று தூக்கிக்கொண்டார். அவர் மறக்கவில்லை என்பது உண்மைதான். சினேகிதனைப் பார்த்தார், பேச்சு ருசித்தது, பிள்ளை அங்கேதானே இருக்கும் என்று நினைத்தார். நினைப்பு இருந்தது, கால் நகரவில்லை. இது அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி ஏழு நிமிஷத்துக்குத்தான் தெரிந்தது.

சரி, வந்தாயிற்று. இனி சுற்ற இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை பிரேயரில் உறுதிமொழி முடிந்து ஒரு பிள்ளை செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. சுகிர்தா தன் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னால் எல்.கே.ஜி. வரிசை. குட்டிக் குட்டித் தலைகள், ரிப்பன், ரிப்பன், ரிப்பன், அப்புறம் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி, அப்புறம் ரிப்பன். அந்த இடைவெளியைப் பார்த்ததும், கடைசி சீட்டுல போய்ப் படுத்துக்கிருவா மிஸ், என்று தர்ஷிகாவின் குரல் காதில் கேட்டது. அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கை மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தாள், ஒன்பது ஏழு. அப்போது பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். அப்போது போயிருந்தால் எழுப்பி, தலையைக் கோதி, தாமதமாக வந்ததற்கு ஒரு செல்லத் திட்டுத் திட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அது யாருக்கும் ஞாபகம் இருக்காத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையாக இருந்திருக்கும். அவள் ஒரு அடி எடுத்தும் வைத்தாள். கரஸ்பாண்டென்ட் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எந்த டீச்சர் அசைகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் மீட்டிங்கில், பிரேயர் நேரத்தில் சந்தையில் திரிகிற மாதிரித் திரிகிறீர்கள் என்று எல்லாரையும் பிடித்திருந்தார். கனியக்கா இறக்கி விட்டிருப்பாள் என்று நினைத்தாள். இந்த இடைவெளி வேறு ஏதாவது ஒரு பிள்ளை லீவு போட்ட இடமாக இருக்கும் என்று நினைத்தாள். எடுத்துவைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அந்த அடி அவளுக்குத் தெரியும், யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் வகுப்புக்குப் போனாள், எவனுக்கோ மூக்கில் ரத்தம் வந்தது, ஃபீஸ் ரசீது கேட்டு ஒருவர் வந்தார், அப்புறம் மறந்தாள். அது உண்மையான மறதி, அதற்கு எந்த வார்த்தையை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒன்பது ஏழுக்கு அவள் மறக்கவில்லை. பதினேழு வருஷம் போர்டில் எழுதிய சொற்களில் எதுவும் அதற்கு உதவாது. ஓவர்லுக் இல்லை, ஒமிட் இல்லை, நெக்லெக்ட் கூட இல்லை, அதுவும் யாரோ மூன்றாம் மனுஷியின் வேலை மாதிரி இருக்கிறது. ஞாபகம் வந்தது. திட்டு விழும் என்று பயந்து நின்றுவிட்டாள். நாலு வயதுப் பிள்ளையை விட அவளுக்கு அந்தத் திட்டு பெரிதாக இருந்தது. இதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

இதைவிடவும் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பிள்ளைகளின் அம்மா, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கையில் தீக்குச்சி மருந்து வாசத்தோடு அப்படியே ஓடி வந்தவள், தர்ஷிகாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஒன்ன நம்பித்தான அவள அனுப்புறேன்? நீ முன்னால வந்துட்டா, யாருகிட்டயாவது சொல்லிட்டு வரணும்ங்கிற புத்தி இல்ல? மறந்துட்டியா? வாயத் தொறந்து சொல்லுட்டி, மறந்துட்டியா?” தர்ஷிகா தலையை மெல்லத் திருப்பி, சுவரோரம் நின்ற சுகிர்தா டீச்சரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. போர்டில் பதில் தெரியாதபோது மிஸ் எடுத்துக் கொடுப்பார்கள் என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். சுகிர்தா குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள். பைக்குள் ஒன்றும் இல்லை, பேனாவும் வேதாகமமும் ஒரு மிட்டாயும்தான் இருந்தன. தேடி முடித்து நிமிர்ந்தபோது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று ஐம்பத்துநாலு. “அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, பேரு, ரோல் நம்பர் எல்லாம் பாத்துக்குங்க” என்று சத்தமாகச் சொன்னாள், தன் குரல் பழைய மாதிரியே கணீரென்று இருந்தது அவளுக்கே ஆச்சரியம். தாளை இழுத்து முன்னால் வைத்தாள். பென்சில் வரிக்கு மேல் பேனாவால், கனி, என்று எழுதினாள். அடுத்த வார்த்தைக்குப் பேனா முனை காத்திருந்தது, ஒரு பொட்டு மை ஊறிக்கொண்டிருந்தது. ஃபெயில்ட் என்று போடலாம், அவ்வளவு கனமும் இல்லை, லேசும் இல்லை. கனியக்காவுக்கு அது என்ன வார்த்தை என்று தெரியப்போகிறதா? ஆபீஸ் வாசல் பெஞ்சில் நீலச்சேலையோடு பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அப்போதுதான் மேஜை மேல் ஒரு விடைத்தாள் வந்தது. யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. தர்ஷிகா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிராமல் தன் பெஞ்சுக்குத் திரும்பிப் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுகிர்தா அதைத் தொடவில்லை. தொடாமல் இருக்கவும் முடியவில்லை. திருப்பினாள். ஒத்த சொற்கள் ஐந்தும் சரி. கேள்வி வாக்கியம், ஹோம்வொர்க் பற்றி, சரி. கட்டளை வாக்கியம், குடை பற்றி, சரி. எதிர்மறை வாக்கியத்தில் தாள் நைந்திருந்தது. முதலில் எதையோ எழுதி, ரப்பரால் அழுத்தி அழுத்தி அழித்திருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்தால் அழித்தது தெரிந்தது, மை மிஸ் ஃபர்காட். அதை அழித்துவிட்டு, அதன் மேலேயே, குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருந்தாள். ஐ டிட் நாட் ஃபர்கெட் டு டெல் மை மிஸ். மிஸ்ஸிடம் சொல்ல நான் மறக்கவில்லை.

யாரையும் காட்டிக்கொடுக்கிற வாக்கியம் இல்லை அது. காட்டிக்கொடுத்ததை அந்தப் பெண்ணே அழித்துவிட்டாள். தன் மேல் விழுந்த பழி பொய் என்பதை மட்டும், யாராவது ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்று, கேள்விக்குப் பதிலாக எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் அவளை என்ன பாடு படுத்தியிருப்பார்கள். சுகிர்தா சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டாள். டிக் நீண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. நிமிர்ந்தாள். தர்ஷிகா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சுகிர்தா கைப்பையைத் தேடவில்லை. “ஆமா, நீ சொன்ன” என்றாள். முப்பத்தெட்டுப் பேர் முன்னாலும்தான் சொன்னாள், என்ன ஏது என்று தெரியாமல் மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தர்ஷிகாவின் கீழுதடு பிதுங்கியது, டெஸ்க்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். மணி அடித்தது. கரஸ்பாண்டென்டின் தாளை நாலாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, சுகிர்தா பிள்ளைகளுக்கு வைத்திருந்த அடிஷனல் ஷீட் ஒன்றை எடுத்து எழுதினாள். காலையிலிருந்து நகராத பேனா இரண்டு நிமிஷத்தில் எழுதி முடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருந்தது, சின்னச் சின்னச் சொற்கள், ஒன்றுக்கும் வெயிட் இல்லை. மகளின் முகம் ஒரு தரம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள், இன்றைய தேதி மட்டும் போட்டாள்.

ஆபீஸ் வாசலில் கனியக்கா எழுந்து நின்றாள். கையில் ஒரு பேனா, யாரோ கொடுத்தது. உள்ளங்கை முழுக்க நீல மையில் சண்முகக்கனி, சண்முகக்கனி என்று எழுதி எழுதிப் பழகியிருந்தாள், போலீஸ்காரர் முன்னால் கோணலாகிவிடக் கூடாது என்று. கதவுக்குப் பின்னால் கரஸ்பாண்டென்டின் குரலும் இன்னொரு ஆண்குரலும் கேட்டன. “எழுதிட்டீகளா டீச்சர்? நாந்தேன் மறந்தேன்னு எழுதிட்டீகள்ல? என்ன போட்டுருக்குன்னு ஒருக்கா வாசிச்சுருங்க, கேட்டா சொல்லணும்ல” என்றாள். சுகிர்தா தாளைப் பிரித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்தாள், நின்று நின்று. “செவ்வாய்க்கிழமை பஸ்ஸைப் பார்க்கவேண்டியவள் நான். பார்க்காமலே நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். பிள்ளை தூங்கிவிடும் என்று அவள் அக்கா முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஒன்பது ஏழுக்குப் பிரேயரில் எனக்கு ஞாபகம் வந்தது. நான் போகவில்லை. இப்படிக்கு, சுகிர்தா.” கனியக்கா இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வராதென்று தெரிந்ததும் தாளை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. “இதுல எம்பேரு எங்க டீச்சர் இருக்கு?” என்றாள். “இல்லக்கா.” கனியக்கா மை படிந்த உள்ளங்கையைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நான் எங்க டீச்சர் கையெழுத்துப் போட?” என்று கேட்டாள்.